ஒல்லியான ஆளுக்கு சுகர் தாறுமாறாக ஏறி இறங்குவது ஏன்?

தம்பிக்கு 29 வயசு, ஒல்லி, மாத்திரையும் இன்சுலினும் எடுத்தும் சுகர் ஒருநாள் 60, மறுநாள் 350 என்கிறீர்கள். டைப் 2 (பலருக்கும் வரும் வழக்கமான சர்க்கரை நோய்) என்று எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஜிஏடி ஆன்டிபாடி (இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்குகிறதா என்று காட்டும்), சி-பெப்டைடு (உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும்) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் டைப் 1தான், அதாவது அந்தச் செல்களை உடலே அழித்துவிடும் வகை; அது பெரியவர்களுக்கும் வரும். சி-பெப்டைடு ரொம்பக் குறைவென்றால் இன்சுலின் சுரப்பு வற்றிவிட்டது, மாத்திரை மட்டும் போதாது.

அடிக்கடி வயிற்றுவலி, எண்ணெய்ப் பிசுக்கோடு மலம் உண்டா? தென்னிந்தியாவில் கணையக் கல்லால் வரும் சர்க்கரை நோயும் இருக்கிறது, ஸ்கேனில் தெரியும்.

ஊசி போடும் இடத்தையும் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்திருந்தால் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. இதைப் பலரும் தொட்டே பார்ப்பதில்லை, அதுதான் வருத்தம்.

சுகர் எகிறி, வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.