எலக்ட்ரான்களை இணைப்பது எது?

வணக்கம் ஐயா. பாதரசம், ஈயம் போன்ற மீகடத்திகளில் (கடும் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்களில்) அணுக்களின் அதிர்வுதான் எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிறது என்று 1957லேயே பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் விளக்கிவிட்டார்கள். 1986ல் வந்த தாமிர ஆக்சைடு மீகடத்திகளுக்கு மட்டும் ஏன் இன்னும் ஆளுக்கொரு கோட்பாடு? அதே அதிர்வைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் கணக்கு சரியாகாதா?
ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

எலக்ட்ரான்கள் ஜோடி சேருகின்றன என்பதில் தகராறே இல்லை. சேர்த்து வைப்பது எது என்பதில்தான் சண்டை.

சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்த மீகடத்தியின் தாய்ப்பொருள் லாந்தனம் தாமிர ஆக்சைடு. வழக்கமான கணக்குப்படி அதில் மின்சாரம் ஓட வேண்டும். ஓடாது. ஒவ்வொரு தாமிர அணுவிலும் ஜோடியில்லாத ஒரே எலக்ட்ரான். பக்கத்து அணுவுக்குத் தாவலாம் என்றால் அங்கே இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. விலக்கு விசை அவ்வளவு கடுமை என்பதால் எதுவும் நகர்வதில்லை. அடுத்தடுத்த எலக்ட்ரான்களின் ஸ்பின்கள் (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) மட்டும் எதிரெதிராகத் திரும்பி நிற்கின்றன. லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு பேரியம் சேர்த்தால் சில இடங்கள் காலியாகின்றன. அப்புறம்தான் ஓட்டமும், சுமார் 35 கெல்வினில் மீகடத்தலும். இவ்வளவு விலக்கு உள்ள இடத்தில் அதிர்வை மட்டும் கூட்டிப் போட்டால் போதாது.

இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1987ல் துணிந்து ஒன்று சொன்னார்: மின்கடத்தாத நிலையிலேயே ஸ்பின்கள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கின்றன, காலியிடம் கிடைத்ததும் அந்த ஜோடிகளே ஓடத் தொடங்குகின்றன. அந்த எண்ணத்தை அவரோடு சேர்ந்து கணிதமாக்கியவர்களில் ஒருவர் நம் ஜி. பாஸ்கரன், பிறகு சென்னைத் தரமணியில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். ஸ்காலபினோ, பைன்ஸ் போன்றவர்கள் வேறு வழியில் போனார்கள்: அதிர்வு செய்த வேலையை இங்கே ஸ்பின்களின் ஏற்ற இறக்கம் செய்கிறது என்றார்கள்.

என் சாய்வு ஸ்பின்களைக் காரணம் காட்டும் இந்தக் காந்தப் பக்கம்தான். அதற்கு எனக்குப் பெரிய காரணம் சூயியும் கிர்ட்லியும் 1994ல் செய்த சோதனை. மூன்று படிகத் துண்டுகள் வெவ்வேறு கோணத்தில் சந்திக்கும் புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன மீகடத்தி வளையம். வெளியிலிருந்து காந்தப்புலம் எதுவும் கொடுக்காமலே அந்த வளையத்தில் சரியாக அரை அலகு காந்தப்பாயம் (வளையத்துக்குள் செல்லும் காந்தப்புலத்தின் அளவு; வழக்கமாக அது முழு அலகுகளில்தான் இருக்கும்) தானாக உண்டானது. ஜோடியின் அலை ஒரு திசையில் நேர்க்குறியாகவும், செங்குத்துத் திசையில் எதிர்க்குறியாகவும் இருந்தால்தான் இது நடக்கும். அப்படிப்பட்ட ஜோடியில் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே அணுவில் சேர்ந்து உட்காருவதைத் தவிர்க்கின்றன. விலக்கு கடுமையான இடத்தில் எதிர்பார்க்க வேண்டியதும் அதுதானே!

ஆனாலும் தீர்ப்பு சொல்லும் நேரம் வரவில்லை. மீகடத்தல் தொடங்கும் முன்பே இந்தப் பொருள்கள் விசித்திரமாக நடந்துகொள்கின்றன. மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. சாதாரண உலோகத்துக்கான விதிகளில் இது அடங்கவில்லை. அந்த நேர்கோட்டை விளக்காத எந்தக் கோட்பாட்டையும் முழுமையானது என்று நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் யோசனை பலித்த இடமும் உண்டு. 2015ல் பிரம்மாண்ட அழுத்தத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 203 கெல்வினில் மீகடத்தியானது. அங்கே ஜோடி சேர்ப்பது லேசான ஹைட்ரஜன் அணுக்களின் வேகமான அதிர்வுதான். 1957ன் கணக்கை விரித்துப் போட்டே அதை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.