பச்சை உடல், நீல முகம், சிவப்பு வால்: இது என்ன குருவி?

மலேசியாவில் மூங்கில் புதர் ஓரம் நீங்கள் பார்த்த குருவி, பின்டெயில்டு பேரட்ஃபிஞ்ச் இனத்து ஆண் என்றே நினைக்கிறேன். அறிவியல் பெயர் எரித்ரூரா பிரசினா. நம் ஊர்ச் சில்லைகளுக்கு நெருங்கிய உறவு.

முதலில் வாலைப் பாருங்கள். ஆணுக்கு நடு இறகுகள் சிவப்பாக, ஊசிபோல நீண்டிருக்கும். வாலோடு சேர்த்தாலும் சுமார் 15 செ.மீ.தான். முதுகு பச்சை, முகம் நீலம், வயிற்றின் நடுவில் சிவப்புத் திட்டு. சில ஆண்களுக்குச் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் இருக்கும், அதைப் பார்த்து வேறு இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெண்ணுக்கு வால் குட்டை, நிறமும் மங்கல்.

குழப்பம் வரக்கூடியது டானிபிரெஸ்டட் பேரட்ஃபிஞ்ச். அதன் வால் பச்சை, வயிறு பழுப்பு மஞ்சள். சிவப்பே கிடையாது. பெரும்பாலும் மலைக்காடுகளில்தான் இருக்கும்.

சரி, எங்கே தேடுவது? மியான்மர், தாய்லாந்து முதல் போர்னியோ, ஜாவா வரை, காட்டோரங்களிலும் மூங்கில் அடர்ந்த இடங்களிலும். இதன் வாழ்க்கையே மூங்கில் விதையைச் சுற்றித்தான். பல மூங்கில் இனங்கள் ஆண்டுக்கணக்கில் பூக்காமல் இருந்து, அப்புறம் ஒரே சமயத்தில் பூத்து விதை கொட்டும். அந்தச் சமயத்தில் இவை கூட்டமாக வந்து சேரும், விதை தீர்ந்ததும் போய்விடும். போன மாதம் கண்ட இடத்தில் இந்த மாதம் காணாமல் போவது அதனால்தான். நெல் விளையும்போது வயலிலும் இறங்கும்.

பூத்த மூங்கில் கண்ணில் பட்டால் அங்கேயே அசையாமல் காத்திருங்கள். மெல்லிய, கூர்மையான 'ட்சீட்' ஒலிதான் பெரும்பாலும் முதலில் காதில் விழும்.