பத்து நாளில் நிறைந்த டேங்க்

‘கட்டிப் பார், கேட்டுப் பார்’ கேள்வி பதில் பகுதி
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கட்டட ஓவர்சியர், தக்கலை

கேள்வி: சார், எங்கள் வீடு கருங்கல் பக்கம், ஏலாவை (வயல்வெளியை) ஒட்டி இருக்கிறது. ஐந்து பேர் இருக்கிறோம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்றது. கட்டி 14 வருடமாக செப்டிக் டேங்கை எடுத்ததே இல்லை என்பதால் கழிவு உறிஞ்சும் வண்டியை வரவழைத்து எடுத்தோம். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் மறுபடி நிறைந்து நிற்கிறது. வண்டிக்காரர் ஏமாற்றிவிட்டாரா? டேங்கின் நீளம் 8 அடி, அகலம் 4, தண்ணீர் நிற்கும் ஆழம் 5. குளிக்கிற தண்ணீரும் அதில்தான் போகிறது.

பதில்: அளவோடு எழுதினீர்களே அம்மா, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. வருகிற கடிதங்களில் பெரும்பாலும் ‘பெரிய டேங்க்’ என்றுதான் இருக்கும்.

8, 4, 5 பெருக்கினால் 160 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்றால் 4,500 லிட்டர் பிடிக்கும். குளியலும் சேர்ந்து ஆளுக்கு 100 லிட்டர் வைத்தால் நாளுக்கு 500. ஒன்பது நாளில் நிறைந்தாக வேண்டும், நிறைந்திருக்கிறது. செப்டிக் டேங்க் எப்போதும் வெளியேறும் பைப் மட்டம் வரை நிறைந்துதான் நிற்கும். கனமானது அடியில் மண்டியாகப் படியும், எண்ணெய்ப் பசை மேலே ஆடை கட்டும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடும் குழிக்குப் போகும். வண்டியைக் கூப்பிடுவது அந்த மண்டிக்காக. தண்ணீருக்காக இல்லை.

வண்டிக்காரர் மண்டியை எடுத்தாரா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மூடியை மட்டும் திறந்து மேல்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இரண்டு அறையின் மூடியையும் திறக்கச் சொல்ல வேண்டும். ஹோஸ் அடிவரை போக வேண்டும். கம்பால் கலக்கிவிட்டு, மண்டி குழம்பாக வரும்போது உறிஞ்ச வேண்டும். அடியில் நாலு விரல் மிச்சம் இருந்தால் நல்லது, கழிவை மக்கவைக்கும் கிருமிகளுக்கு வித்து அதுதான். பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

இனிமேல் நீங்களே அளக்கலாம். நீளக் கம்பில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, அடி தொடும்வரை இறக்கி மெதுவாக எடுங்கள். கறுப்பு மண்டி ஒட்டிய உயரம், தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் வண்டிக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு அது 20 அங்குலம். பொதுவாக இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். மூடியைத் திறந்ததும் விலகி நின்று கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். தீக்குச்சி, பீடி பக்கத்தில் வரக்கூடாது.

ஆனால் உங்கள் நோய் டேங்கில் இல்லை என்று நினைக்கிறேன். மழையில் மட்டும் வருகிறது, வீடு ஏலாவை ஒட்டி. இடவப்பாதியிலும் துலாமழையிலும் (வடகிழக்குப் பருவமழை) நிலத்தடித் தண்ணீர் மேலே வரும்போது சோக் பிட் உறிஞ்சாது, தண்ணீர் திரும்பி டேங்குக்கு ஏறும். மழை பெய்யும்போது மூடியைத் திறந்து, தண்ணீர் வெளியேறும் பைப்புக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். மேலே நின்றால் சோக் பிட்தான். பைப் மட்டத்திலேயே நின்றால் கக்கூஸுக்கும் டேங்குக்கும் நடுவில் எங்கோ அடைப்பு.

சோக் பிட் என்றால் முதலில் குளிக்கிற தண்ணீரைப் பிரித்து வாழைக்கும் தென்னை மூட்டுக்கும் விடுங்கள். செலவு ஒரு பைப்தான், சுமை பாதிக்கு மேல் குறையும். அதிலும் தீராவிட்டால் விளையின் (தோட்டத்தின்) மேட்டுப் பக்கமாக, ஆழம் குறைத்து அகலமாக இன்னொரு சோக் பிட். கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி. ஐந்து சென்ட் மனையில் அவ்வளவு தூரம் கிடைக்காது என்று தெரியும். அப்படியானால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கக் கொடுங்கள்.

ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமில்லை. ஊருக்கெல்லாம் பிளான் போட்டுக் கொடுத்த நான், என் சொந்த வீட்டில் இரண்டு மழைக்கு இரண்டு தடவை வண்டிக்குப் பணம் கொடுத்தேன். மூன்றாவது மழையில் வீட்டுக்காரி குடையோடு போய்ப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மாடித் தண்ணீர் இறங்கும் பைப், விரிசல் விட்ட டேங்க் மூடியின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. பைப்பை நான்கடி திருப்பினேன், மூடியைப் பூசினேன், தீர்ந்தது. உங்கள் வீட்டிலும் அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: வண்டி வர எங்கள் சந்து போதாது. ஆளை இறக்கி வாளியால் எடுக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா? (குளச்சல்)

பதில்: கூடாது மக்களே. உள்ளே இருக்கும் வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. முதல் ஆள் மயங்கி விழுவார், தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்து குறுகல் என்றால் நீள ஹோஸ் உள்ள வண்டியைக் கேளுங்கள், தெருமுனையில் நிறுத்தி ஹோஸைச் சேர்த்து நீட்டுவார்கள். அரசின் உதவி எண் 14420-க்கு அழைத்தும் கேட்கலாம்.

கேள்வி: வெல்லமும் ஈஸ்டும் கரைத்து ஊற்றினால் டேங்கை எடுக்கவே வேண்டாமாமே? (மார்த்தாண்டம்)

பதில்: வெல்லத்தைப் பாயசத்துக்கு வையுங்கள். வேண்டிய கிருமி நம் வயிற்றிலிருந்தே தினமும் போகிறது. ஆசிட்டைக் குறையுங்கள், நாப்கினும் துணியும் போடாதீர்கள், மண்டியை எடுக்கத்தான் வேண்டும்.