புல்லை எடுங்கள், சிமென்ட் மட்டும் பூசாதீர்கள்

கேள்வி: மதுரையில் மேற்குப் பார்த்த வீடு எங்களுடையது. வாசலில் 20-க்கு 15 அடி இடத்தில் கொரியன் புல் வளர்க்கிறோம். சித்திரை பிறந்தால் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் கருகுகிறது. குறைந்த தண்ணீரில் அழகான தோட்டம் போட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். புல் கருகுவது உங்கள் பராமரிப்புக் குறையும் அல்ல. கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. நீர் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்பது 1 லிட்டர். உங்கள் இடம் ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஆக, தினமும் 140 லிட்டர்! குடிநீருக்கே அல்லாடும் மாதங்களில் இது நியாயமில்லை.

புல்லை எடுத்த இடத்தில் சிமென்ட் பூசிவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மாலை வெயிலைக் குடித்த தரை, இரவெல்லாம் அனலைக் கக்கும். மழைநீரும் தெருவுக்கு ஓடிவிடும். நடைபாதைக்கு மட்டும் மணல் பரப்பி, கடப்பைக் கற்களை இடைவெளி விட்டுப் பதியுங்கள். பாத்திகள் பாதையைவிட மூன்று விரல்கடை தாழ்ந்திருந்தால் மழைநீர் தானாக வேரடிக்கு வந்துசேரும்.

தென்மேற்கு மூலையில் ஒரு மந்தாரை வையுங்கள். அது வளர்ந்ததும் அதன் நிழலில் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் வரலாம். இவற்றுக்கு ஓரளவு ஈரம் வேண்டும். வெயில் காயும் பக்கம் ஆவாரை, காகிதப்பூ, நித்தியகல்யாணி. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே பாத்தியில் கலக்காதீர்கள். ஒன்றுக்கு ஊற்றும் தண்ணீர் மற்றதைக் கெடுக்கும். காகிதப்பூவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் மண்டும், பூ குறையும். அரளியும் வறட்சி தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

கோடையில் நட வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையிலேயே வேர் பிடித்துவிடும். பிறகு காய்ந்த சருகையோ தென்னை நார்க்கழிவையோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும், கொஞ்சம் விலக்கியே போடுங்கள். மழை ஓய்ந்ததும் முதல் ஆண்டு முழுவதும் வாரம் இருமுறை, அதிகாலையில், வேர் நனைய ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் ஆழம் போகாது. அடுத்த ஆண்டு முதல் ஆவாரைக்கு நீங்கள் தண்ணீர் காட்டவே தேவையிருக்காது.