எங்கள் தோப்பில் வேலை செய்பவர்களைப் பற்றி நான் ஆய்வு செய்யலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். பி.ஏ. வரலாறு கடைசி ஆண்டு படிக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இனக்குழுக்களின் வரலாற்றையும் வாழ்க்கையையும் ‘எத்னிக் ஸ்டடீஸ்’ என்று தனித் துறையாகவே கற்பிக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து, அதுபோன்ற படிப்பில் சேர ஆசை. எங்கள் தென்னந்தோப்பில் தலைமுறையாக வேலை செய்யும் எரவாளர் என்ற பழங்குடிக் குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்ய நினைக்கிறேன். “நம் தோப்பில் வேலை செய்பவர்களைப் பற்றிப் படிக்க யூனிவர்சிட்டி எதற்கு? பி.எட். சேர்ந்துவிடு” என்கிறார் மாமா. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. இந்தப் படிப்பு இங்கே உண்டா? வேலை கிடைக்குமா? இதைப் படிக்க எனக்கு உரிமை இருக்கிறதா, அம்மா?
– ஒரு வாசகி, சித்தூர் தாலுகா

பதில்:

அன்பு மகளே,

கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாயே, அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கேள்வியைத் தங்களிடம் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாமல் மலைக்குப் போய், நோட்டை நிரப்பி, பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர். நீ கேட்டுவிட்டாய். தாராளமாகப் படி. ஆனால் எரவாளர்களை மட்டும் படிக்காதே. உன் வீட்டையும் சேர்த்துப் படி.

நீ சொல்லும் அமெரிக்கத் துறை பிறந்த கதையைக் கேட்டால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும். 1968 நவம்பர் 6-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆசிய வம்சாவளி, மெக்சிகோ வம்சாவளி, பூர்வகுடி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் மக்களின் வரலாறு பாடத்தில் இல்லை. அதை நாங்கள் படிக்க வேண்டும், எங்களவர்களே கற்பிக்க வேண்டும் என்று கேட்டார்கள். போலீஸ் வளாகத்துக்குள் வந்தது, தடியடி நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மறு ஆண்டு மார்ச் வரை விடாமல் நின்றார்கள். 1969-இல் அந்தக் கல்லூரியில் இதற்கென்றே தனிப் புலம் உருவானது. அதுவரை மற்றவர்கள் எழுத, எழுதப்பட்டவர்களாகவே இருந்த மக்கள் போராடி வாங்கிய துறை அது.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான துறை, மக்கள் கூட்டங்களின் வாழ்க்கையையும் வழக்கங்களையும் ஆராயும் மானுடவியல். அது வந்த வழி வேறு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டிருந்த காலம் அது. சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. அதே ஆண்டு வந்த இன்னொரு நூல் உன் ஊருக்கு மிக நெருக்கமானது. 1861-இல் பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரம் அக்ரகாரத்தில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி சமஸ்தானத்தின் பழங்குடிகளையும் சாதிகளையும் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி அது. சித்தூர் அப்போது கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்ததால் எரவாளர்களும் அதில் இடம்பெற்றார்கள். பின்னர் 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் மானுடவியல் துறை தொடங்கியபோது பாடம் நடத்தப் போனவரும் இதே பாலக்காட்டுத் தமிழர்தான். இன்றும் ஆய்வாளர்கள் அவரை எடுத்துப் பார்க்காமல் கேரளப் பழங்குடிகளைப் பற்றி எழுத முடியாது. அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது அரசாங்கத்துக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் கைக்கு அது போகவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருவோம். நீங்கள் மொழியால் சிறுபான்மையினர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்களும் கன்னடர்களும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. ஆனாலும் தாலுகா ஆபீசில் மலையாளப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று விழிக்கும் பெரியவர்களை நீ பார்த்திருப்பாய். அந்த அவமானம் தெரிந்த வீடுதான் உன்னுடையது. அதே வீடு தோப்புக்குச் சொந்தக்கார வீடும்கூட. கூலி எவ்வளவு என்று முடிவாவதும், முன்பணம் கொடுத்துக் கணக்கு எழுதுவதும், வேலைக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் எந்தச் செம்பில் கொடுப்பது என்பதும் உங்கள் திண்ணையில் நடப்பவை. கேரளத்தில் சிறுபான்மை, தோப்பில் முதலாளி. இரண்டும் ஒரே குடும்பத்தில் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று உள்ளிருந்து எழுதுவதற்கு உன்னைப் போன்ற ஒருத்தி வேண்டும்.

உங்கள் சித்தூர் தாலுகாவிலேயே இருக்கும் பிளாச்சிமடையை எடுத்துக்கொள். 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டுவிட்டது, நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று 2002 ஏப்ரல் 22-இல் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். முன்னணியில் நின்ற மயிலம்மா எரவாளர் பெண். 2004-இல் ஆலை நின்றது. 2007-இல் அவர் காலமானார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பேட்டி எடுத்தார்கள், தண்ணீரைப் பற்றியும் கம்பெனியைப் பற்றியும் எழுதினார்கள். சுற்றியிருந்த தமிழ் விவசாயக் குடும்பங்கள் அந்தப் பந்தலை எப்படிப் பார்த்தன? யார் போய் உட்கார்ந்தார்கள், யார் ஒதுங்கி நின்றார்கள், அன்று வேலைக்கு வராதவர்களைப் பற்றித் திண்ணையில் என்ன பேசிக்கொண்டார்கள்? வெளியூர் ஆய்வாளர் கேட்டால் உன் மாமா வாய் திறக்க மாட்டார். நீ கேட்டால் திட்டிக்கொண்டாவது சொல்வார். அதை எழுது.

எரவாளர்களிடம் போகும்போது மட்டும் ஒன்றில் கவனமாக இரு. உன் அப்பாவிடம் கூலி வாங்கும் ஒரு பெண்ணிடம் நீ நோட்டோடு போய் உட்கார்ந்தால், “வேண்டாம், சொல்ல விருப்பமில்லை” என்று சொல்ல அவளால் முடியுமா? முடியாது. மறுக்க முடியாதவர்கள் கொடுக்கும் சம்மதம் சம்மதமே அல்ல. ஆகவே உன் முதல் ஆய்வுக்கு உங்கள் தோப்போடு தொடர்பில்லாத வேறு ஊரைத் தேர்ந்தெடு. அட்டப்பாடிக்கும் போகலாம், அங்கே இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள் இருக்கின்றன. இருளர் பேச்சு தமிழை ஒட்டியது என்பதால் காது சீக்கிரம் பழகும். எரவாளர் வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், அவர்களைத் தகவல் சொல்பவர்களாக வைத்துக்கொள்ளாமல் உன்னோடு சேர்ந்து எழுதச் சொல். கட்டுரையில் இரண்டு பெயரும் வரட்டும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டு. அவர்கள் தவறென்று சொல்வதைத் திருத்து.

தன் மக்களைத் தானே எழுதியவர்கள் நம் எல்லைப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஜெயசீலன் ராஜ் மானுடவியல் படித்து, அங்குள்ள தமிழ் தலித் தொழிலாளர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலை லண்டன் யூ.சி.எல். பதிப்பகம் 2022-இல் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாமாவுக்குக் காட்டு.

படிப்பு எங்கே என்றால், அமெரிக்கப் பெயரிலேயே துறை தேடி அலைய வேண்டாம். இங்கே அது மானுடவியல், சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் என்று பிரிந்து கிடக்கிறது. உனக்கு மானுடவியலே பொருத்தம். கண்ணூர் பல்கலைக்கழகத்தின் பாலயாடு வளாகத்தில் எம்.ஏ. இருக்கிறது. புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. வரலாறு படித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

வேலை விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். எம்.ஏ. முடித்த கையோடு சம்பளம் என்பது அரிது. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம். இந்திய மானுடவியல் அளவாய்வகம், கோழிக்கோட்டிலுள்ள கிர்டாட்ஸ் போன்ற அரசு ஆய்வு நிறுவனங்கள், பழங்குடியினர் நலத் திட்டங்கள் ஆகியவற்றில் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. ஆனால் பணியிடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வில் மானுடவியல் விருப்பப் பாடம். மாமா சொல்லும் பி.எட்.டை எம்.ஏ.வுக்குப் பிறகும் படிக்கலாம். கேரளத்தில் சில மேல்நிலைப் பள்ளிகளில் மானுடவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது. அவர் பேச்சையும் தட்ட வேண்டியதில்லை.

அப்பாவின் மௌனத்தை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. தோப்புக் கணக்கையும் தன் பேச்சையும் மகள் எழுதப்போகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்கும் தயக்கம் வரும். என்ன எழுதுவாய், எதை அவரிடம் காட்டிய பிறகே வெளியிடுவாய் என்பதை இப்போதே அவரிடம் பேசிவிடு. மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் வந்து முடிந்துவிடும். கண்ணூருக்குத் தனி விண்ணப்பம். பி.ஏ. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் ஓர் ஆண்டு வீணாகும்.