கொழுப்புக்குள் ஒரு கூட்டம்

கேள்வி: எனக்கு 43 வயது. உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. சர்க்கரை ‘ஓரத்தில்’ நிற்கிறது என்கிறார்கள். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. “உடம்புக்குள் அழற்சி இருக்கு, எடையைக் குறைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். எனக்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வீக்கம் இல்லை. அப்புறம் எங்கே அழற்சி? எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதாக நினைத்து மகள் ஒரு பவுடர் டப்பா வாங்கி வந்திருக்கிறாள். குடிக்கலாமா? என் கணவர் ஒல்லி, தொப்பை மட்டும் உண்டு. “எனக்கு இந்தப் பிரச்சினையே இல்லை” என்று கேலி செய்கிறார்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பவுடர் டப்பாவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எங்கே அழற்சி என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் தெரிந்தால் டப்பாவுக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சி.ஆர்.பி. என்பது, அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். சளி, ஈறு வீக்கம், மூட்டு வலி என எது இருந்தாலும் அது ஏறும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போது இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்து, வேறு காரணமும் தென்படவில்லை என்றால், அழற்சி பெரும்பாலும் உங்கள் கொழுப்பில்தான் இருக்கிறது. அதுவும் தோலுக்கு அடியில் கைக்குச் சிக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பில்.

நான் மருத்துவம் படித்த காலத்தில் கொழுப்பை யாரும் மதித்ததில்லை. நுண்ணோக்கித் தேர்வில் கொழுப்புத் திசுவின் ஸ்லைடு வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஸ்லைடு தயாரிக்கும்போதே உள்ளே இருந்த எண்ணெய் கரைந்துவிடும். வெறும் வளையங்கள்தான் மீன்வலை மாதிரித் தெரியும். பார்த்த உடனே எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். வளையங்களுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் கிடக்கும். அவற்றை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. இன்று ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணுவதே அந்தப் புள்ளிகளைத்தான். அவற்றில் பல, நோய் எதிர்ப்புச் செல்கள்.

ஒல்லியான உடம்பின் கொழுப்பிலும் இந்தச் செல்கள் உண்டு. அங்கே அவை அமைதியாக வேலை பார்க்கும். செத்த செல்லை அள்ளிப் போடும் மேக்ரோஃபேஜ்கள் இருக்கும். பெருந்தின்னி என்று வைத்துக்கொள்ளுங்கள். டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில், சண்டையை அடக்கும் ஒரு வகையும் இருக்கும். ஒல்லியான எலிகளின் வயிற்றுக் கொழுப்பில், ‘உதவி டி செல்கள்’ என்ற பிரிவில் பாதியளவுக்கு இந்தச் சமாதானக்கார வகைதான் என்று 2009-இல் கண்டார்கள். எலி பருத்தால் அவை வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. இருமலுக்குப் போனால் ‘ஈஸ்னோஃபீலியா’ என்று சொல்லி ரத்தம் எடுப்பார்களே, அந்த ஈசினோஃபில் என்ற வெள்ளையணுகூடக் கொழுப்புக்குள் அமைதி காக்கும் கட்சியில்தான் இருக்கிறது. எனக்கே அது ஆச்சரியம்தான்.

எடை ஏறும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. வளர்ந்தவர்களின் உடம்பில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. இருக்கிற செல்களே எண்ணெயை அடைத்துக்கொண்டு ஊதுகின்றன. ஓர் அளவுக்கு மேல் ஊதினால் ரத்தமும் ஆக்சிஜனும் சரியாக எட்டாது. சில செல்கள் செத்துப்போகும். செத்த செல்லிலிருந்து எண்ணெய் கசியும். சிந்திய பாகைச் சுற்றி எறும்பு மொய்க்குமே, அப்படிப் பெருந்தின்னிகள் அந்த ஒரு செல்லைச் சுற்றி நெருக்கமாக வட்டம் கட்டும். நுண்ணோக்கியில் அது கிரீடம் வைத்தது போல இருப்பதால், ஆய்வாளர்கள் வைத்த பெயரிலும் கிரீடம் வந்துவிட்டது. எண்ணெயைத் தின்று தின்று அந்தச் செல்களும் நுரைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்.

கூட்டம் எவ்வளவு பெரியது என்கிறீர்களா? நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2003-இல் கணக்கிட்டது: ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் உள்ள செல்களில் பெருந்தின்னிகள் 10 சதவீதத்துக்கும் குறைவு, உடல் பருமன் உள்ளவர்களிடம் ஏறக்குறைய 40 சதவீதம். நாம் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் திசுவில் பத்துக்கு நாலு செல் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தது!

வந்த கூட்டம் சும்மா இருந்தால் பரவாயில்லை. அமைதி காத்தவையும் புதிதாக வந்தவையும் சேர்ந்து ‘ஆபத்து, ஆபத்து’ என்று ரசாயனச் செய்தி அனுப்பியபடி இருக்கும். அதில் ஒன்றின் பெயர் டி.என்.எஃப். பருத்த எலிகளின் கொழுப்பில் அது அதிகமாகச் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்வதையும் 1993-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். இந்தக் கூச்சலில், இன்சுலின் சொல்வதைச் செல்கள் காதில் வாங்குவதில்லை. உங்கள் சர்க்கரை ஓரத்தில் நிற்பதற்கு இது ஒரு காரணம். வயிற்றுக் கொழுப்பின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. செய்தி கிடைத்த கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் தெரிந்தது அதுதான். புண்ணும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனால் படை மட்டும் பல வருடமாக வீட்டுக்குப் போகாமல் நிற்கிறது.

இப்போது டப்பாவுக்கு வருவோம். உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி வற்றிப்போகவில்லை. வேண்டாத இடத்தில், வேண்டாத நேரத்தில் செலவாகிக்கொண்டிருக்கிறது. அதை மேலும் ‘ஏற்ற’ ஒரு பவுடரா? டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று மகளைப் படிக்கச் சொல்லுங்கள். மிளகு, இஞ்சி கஷாயம் பிடித்திருந்தால் தாராளமாகக் குடியுங்கள். அதில் போடும் பனங்கற்கண்டையும் தேனையும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மகளின் கவலை நியாயமானது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஃப்ளூவும் கோவிட்டும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம். ஃப்ளூ ஊசி போட்டால் அவர்களுக்கும் எதிர்ப்பொருள் நன்றாகவே உருவாகிறது. ஆனால் ஒரு வருடத்துக்குள் மற்றவர்களைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. அதனால் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் வருடா வருடம் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

எடையைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம், தெரியும். 78 கிலோவை 55 ஆக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ போதும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் இறக்காதீர்கள். எலிகளில் பார்த்தால், எடை இறங்கும் ஆரம்ப நாட்களில், வெளியே வரும் எண்ணெயை அள்ளுவதற்காகப் பெருந்தின்னிகள் இன்னும் கூடுகின்றன, பிறகுதான் குறைகின்றன. அதோடு, எடை இறங்கிய பிறகும் கொழுப்புச் செல்கள் பழைய பருமனை ‘நினைவில்’ வைத்திருப்பதை ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள குழு 2024-இல் காட்டியது. இறக்குவதும் ஏற்றுவதுமாக இருப்பவர்களுக்கு எடை சட்டென்று திரும்பி வருவது சோம்பலால் மட்டுமல்ல.

தராசு முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், உங்களைப் போல ‘ஓரத்தில்’ இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. உணவையும் உடற்பயிற்சியையும் சீர் செய்தவர்களுக்கு, சர்க்கரை நோயாக முற்றும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ராத்திரி சாப்பிட்டதும் டி.வி. முன்னால் உட்காராமல் அரை மணி நேரம் நடங்கள். காலை இட்லியில் இரண்டைக் குறைத்து, ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரையையும் சி.ஆர்.பி.யையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேலி செய்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கதை. புனேவில் டாக்டர் யாஜ்னிக், லண்டனில் டாக்டர் யட்கின். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., ஒரே எண்: 22.3. இருவருமே ஒல்லி. கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2! இருவரும் சேர்ந்து தங்கள் படத்தையே போட்டு, 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நம் ஊர் ஒல்லி பல நேரம் அந்த ஒல்லிதான்: கை கால் குச்சி, வயிற்றுக்குள் மூட்டை.

தையல் டேப் வீட்டில் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், இழுத்துப் பிடிக்காமல் சுற்றுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. அவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்பார். ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு அளங்கள். 90-ஐத் தாண்டினால், அடுத்த முறை லேபுக்குப் போகும்போது அவரையும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள்.