டர்போ வண்டியில் புகை: எப்போது வருகிறது என்று சொல்லுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புகையைப் பற்றியவை. எல்லோரும் நிறத்தை மட்டும் எழுதுகிறீர்கள். நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், வெள்ளை என்றால் தண்ணீர் அல்லது எரியாத எரிபொருள். இது லாரி கிளீனருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது நேரம். விடியற்காலை ஸ்டார்ட் செய்ததுமா, சிக்னலில் நின்று கிளம்பும்போதா, பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறும்போதா, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போதா? ஒரே நீலப் புகைக்கு இந்த நாலு நேரத்திலும் வியாதி வேறு வேறு.

1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி. கம்பெனி டர்போவை எடுத்துவிட்டுப் பெரிய பால் பேரிங் டர்போ போட்டோம். ஓடும்போது சுத்தமாக இருக்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பினால் பின்னால் வரும் பைக்காரர் மறைந்துபோகிற அளவு நீலப் புகை. சீல் போய்விட்டது என்றார்கள். இரண்டாவது டர்போவும் மாற்றியாயிற்று. அதுவும் புகைக்கிறது. (ஈரோடு வாசகர்)

மூன்றாவது டர்போ வாங்கிவிடாதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி புகைக்கிறது என்றால் குற்றம் டர்போவில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

'சீல்' என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கிராங்க் ஆயில் சீல் மாதிரி ரப்பர் உதடு எதுவும் டர்போவுக்குள் கிடையாது. ஷாஃப்டில் பிஸ்டன் ரிங் போல ஒரு பொடி இரும்பு வளையம், அவ்வளவுதான். அது தனியாக ஆயிலைப் பிடித்து நிறுத்தாது. இரண்டு பக்கத்திலிருந்தும் காற்றும் புகையும் உள்நோக்கி அழுத்த வேண்டும். நடுவில் இருக்கும் ஆயில் தன் எடையிலேயே கீழே விழுந்துவிட வேண்டும். ஐடிலில் வெளியிலிருந்து வரும் அழுத்தம் குறைவு. அந்த நேரம் பார்த்து ஆயில் கீழே இறங்காமல் தேங்கினால், வளையத்தைத் தாண்டி, எக்ஸாஸ்ட் புகை சுழற்றும் டர்பைன் பக்கம் வழிந்துவிடும். நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சூடான புகை அதை எரிக்கிறது. உங்கள் இரண்டு நிமிடக் கணக்கு இதுதான்.

டர்போவை விட்டு வெளியே வரும் ஆயில் நுரையாக வரும். அதனால் அது கீழே இறங்கும் ரிட்டர்ன் பைப், ஆயில் உள்ளே வருகிற பைப்பைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஏறக்குறைய செங்குத்தாக இறங்க வேண்டும். 35 டிகிரிக்கு மேல் சாய்வு ஆகாது. நடுவில் ஊஞ்சல் போலத் தொங்கக் கூடாது. சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஏசி கம்ப்ரெஸர் இடிக்கிறது என்று ஹோஸை வளைத்து விட்ட வண்டிகள் எத்தனையோ பார்த்தாயிற்று.

ஒரு வண்டியை மூன்று பேர் பார்த்து முடித்த பிறகு என்னிடம் கொண்டுவந்தார்கள். ரிட்டர்ன் ஃபிளாஞ்சைக் கழற்றினேன். பேப்பர் கேஸ்கெட் போதாது என்று யாரோ இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் அப்பியிருக்கிறார். போல்ட்டை முடுக்கும்போது அது பிதுங்கி உள்ளே போய்க் காய்ந்துவிட்டது. பெருவிரல் நுழைய வேண்டிய ஓட்டையில் பென்சில்தான் நுழைந்தது. பிளேடால் சுரண்டி எடுத்து, புது கேஸ்கெட்டைப் பேஸ்ட் இல்லாமல் வெறுமனே வைத்து, இரண்டு போல்ட். வேலை முடிந்தது. வண்டிக்காரர் வாங்கிய இரண்டாவது டர்போ இன்னும் அவர் வீட்டுப் பரணில் பெட்டியோடு இருக்கிறது.

உங்கள் வண்டியில் இன்னொரு சந்தேகமும் உண்டு. பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் கொஞ்சம் போதும். வருகிற பைப்பில் ஏறக்குறைய 1 மி.மீ. ஓட்டையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போடுவார்கள். டர்போ வாயில் 40–45 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் தாராளம். பழைய டர்போவின் பைப்பையே அப்படியே மாட்டியிருந்தால் புது டர்போ ஆயிலில் மூழ்கித்தான் கிடக்கும். ஆனால் இதைப் படித்துவிட்டுச் சாதாரண புஷ் பேரிங் டர்போவுக்கும் யாராவது அந்தச் சின்ன ஓட்டையைப் போட்டால், புகை நிற்கும், கூடவே டர்போவும் நின்றுவிடும்.

முதலில் டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் ரிட்டர்ன் வாய் மூழ்கியிருக்கும். அடுத்து ரெஸ்ட்ரிக்டர், அடுத்து ரிட்டர்ன் பைப், அடுத்து கிராங்க் கேஸ் (கிராங்க் சுற்றும் எஞ்சின் அடிக்கூடு) பிரஷர். டர்போ கடைசியில்.

டர்போ பெட்ரோல், ஸ்டேஜ் 2 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியது), 90,000 கி.மீ. கொல்லிமலை ஏறும்போது புகையே இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் வந்து, வளைவு தாண்டி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு நீல மேகம். டர்போ போய்விட்டதா? (நாமக்கல் வாசகர்)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இதைவிட நல்ல காரியத்துக்கு யாரும் பயன்படுத்தியதில்லை. உங்கள் மலைப்பாதையே சோதனையைச் செய்து முடித்துவிட்டது. ஏற்றத்தில் பூஸ்ட் முழுதாக இருக்கும். எஞ்சினின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அங்கேயே புகைக்கும். இறக்கத்தில் த்ராட்டில் மூடியிருக்க, எஞ்சின் உள்ளே வேகமாகச் சுற்றுகிறது. இன்டேக்கில் பலமான வெற்றிடம். அது வால்வ் ஸ்டெம் வழியாக ஆயிலை உறிஞ்சும். உங்கள் வால்வ் சீல் இறுகிப்போயிருக்கிறது. ராத்திரி நிறுத்தி வைத்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரே ஒரு பொக்கென்று நீலம் விட்டால் சந்தேகமே வேண்டாம்.

பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே இதை மாற்றலாம். பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்து, வால்வு கீழே விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு சீலை மாற்றுவார்கள். அதற்கு முன் ஒரு லீக் டவுன் டெஸ்ட் செய்துவிடுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, காது வைத்துக் கேட்பது. ஆயில் மூடியில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியில் லேசான சீறல் எல்லா எஞ்சினிலும் இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் கசிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயில் கேட்ச் கேன் (கிராங்க் கேஸ் ஆவியில் வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) போட்ட பிறகுதான் பூஸ்டில் நீலப் புகை ஆரம்பித்தது. இரண்டு முறை டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றது.

டிப்ஸ்டிக் எழும்பியது எஞ்சின் கொடுத்த வாக்குமூலம். கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் தேங்குகிறது, போக வழியில்லை. கேட்ச் கேனுக்குப் போகும் ஹோஸின் உள்விட்டத்தைப் பாருங்கள். பளபளவென்று இருக்கும் பல கேன்களின் வாய் கம்பெனி ஹோஸைவிடச் சின்னது. அடுத்தது பிசிவி வால்வு, கிராங்க் கேஸ் ஆவியை இன்டேக்குக்கு விடுவது. பூஸ்ட் ஏறும்போது அது மூட வேண்டும். திறந்தே மாட்டிக்கொண்டால் பூஸ்ட் நேராக கிராங்க் கேஸுக்குள் இறங்கும். வாயால் ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. கேனைக் கழற்றிப் பழையபடி மாட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள். புகை நின்றால் விஷயம் கேனோடு முடிந்தது. நிற்காவிட்டால் மேலே சொன்ன லீக் டவுன் டெஸ்ட்.

1.3 டீசல், ரீமேப் செய்தேன். மிதித்தால் கறுப்புத் திரை. 'புகை வந்தால்தான் பவர்' என்கிறார் ட்யூனர். (மதுரை வாசகர்)

கறுப்புப் புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் வெளியே விட்ட டீசல். டீசல் எஞ்சின் எப்போதும் காற்றை அதிகமாக வைத்துக்கொண்டு ஓட வேண்டியது. ஒரு பங்கு டீசலுக்குக் காற்று சுமார் 18 பங்குக்குக் கீழே இறங்கினால் கரி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கம்பெனி புரோகிராமில் 'காற்று இவ்வளவு இருந்தால் டீசல் இவ்வளவுதான்' என்று ஒரு கடிவாளம் இருக்கிறது. அதை அவிழ்த்துவிடுவது ஐந்து நிமிட வேலை. அவிழ்த்தால் புகையோடு எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். பிஸ்டன் உருகுவதும் டர்பைன் வெடிப்பதும் அந்தச் சூட்டில்தான்.

ஆனால் ட்யூனரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைப்பது) ஹோஸ்களைப் பாருங்கள். பூஸ்ட் கூடியதும் பழைய ஹோஸ் கிளாம்ப்பில் வழுக்கும், அடிப்பக்கம் கிழியும். அளந்த காற்று வழியிலேயே கசிந்துவிட, டீசல் மட்டும் முழுதாக வரும். டர்போ வாயை அடைத்து, 15–20 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் கடிவாளத்தைத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். 'முடியாது' என்றால் ட்யூனரை மாற்றுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்4 டீசலுக்குப் புகைச் சான்றிதழில் அனுமதி 50 ஹார்ட்ரிஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). நீங்கள் அனுப்பிய வீடியோவில் இருப்பது அதைத் தாண்டியதாகத்தான் தெரிகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இப்படி மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே படித்தது. பிஎஸ்6 வண்டியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பைக் கழற்றித் தருகிறேன் என்பவர்கள் பக்கம் போகாதீர்கள்.

'புஸ்ஸ்' சத்தத்துக்காக புளோ-ஆஃப் வால்வு போட்டேன். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் கறுப்பாக ஒரு துப்பு.

உங்கள் வண்டியில் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும். அது காற்றை அளந்து, அதற்குத் தகுந்த பெட்ரோலை விட்டுவிட்டது. நீங்கள் அந்தக் காற்றைச் சத்தத்துக்காக வெளியே விட்டுவிட்டீர்கள். காற்றை உள்ளேயே திருப்பிவிடும் பழைய ரீசர்குலேஷன் வால்வை மாட்டினால் நிற்கும். சத்தமும் நிற்கும்.

ஊட்டியில் காலையில் வெள்ளைப் புகை; சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது. ஹெட் கேஸ்கெட்டா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். ஊட்டிக் குளிரில் அது தெரியத்தான் செய்யும். எஞ்சின் சூடானதும் மறைந்தால் மறந்துவிடுங்கள். சூடான பிறகும் காற்றில் கரையாமல் தொங்குகிறது, லேசாக இனிப்பு வாடை வருகிறது, கூலன்ட் குறைகிறது என்றால் பயப்படலாம். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல டெஸ்ட் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. தண்ணீர் ஓடும் டர்போ என்றால் அதன் நடுப்பகுதியிலும் விரிசல் இருக்கலாம். ஹெட்டைத் தூக்குவதற்கு முன் அதையும் பாருங்கள்.

டர்போ உண்மையிலேயே உடைந்திருந்தது, மாற்றியாயிற்று. 10 கி.மீ. ஓட்டினேன், இன்னும் நீலப் புகை.

பழைய டர்போ கக்கிய ஆயில் இன்டர்கூலரிலும் சைலன்சரிலும் கிடக்கிறது. இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தார்களா என்று கேளுங்கள். கவிழ்க்காவிட்டால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

பழைய டீசல் எஸ்யூவி. சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் அலறிக்கொண்டே ஓடியது, ஊரே புகை. என்ன நடந்தது?

டர்போ வழியாகவோ இன்டர்கூலரில் தேங்கியோ வந்த ஆயிலை எஞ்சின் குடிக்க ஆரம்பித்துவிட்டது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே எது போனாலும் அழுத்தத்திலேயே எரியும். சாவி டீசலைத்தான் நிறுத்தும், ஆயிலை நிறுத்தாது.

மேனுவல் வண்டி என்றால் மேல் கியரில் போட்டு, ஃபுட் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் முழுதாகப் பிடித்து, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். கிளட்ச் கருகினாலும் பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் காற்றை அடைப்பதுதான் வழி. ஏர் ஃபில்டர் பைப்பைப் பிடுங்கி, தடிப்பலகையால் வாயை மூட வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் இருந்தால் அதை அந்த வாய்க்குள் அடிக்கலாம். கையையோ துணியையோ வைக்கவே கூடாது, உறிஞ்சிக்கொள்ளும். அதற்குள் எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போயிருந்தால் எதையும் செய்யாமல் தூரப் போய்விடுங்கள். கனெக்டிங் ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு ரீமேப் வண்டியில் கறுப்புப் புகை குறைந்துவிட்டது. நல்லதுதானே?

இல்லை. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு, எத்தனால் 20 சதவீதம் கலந்தால் ஏறக்குறைய 13.5 போதும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய மேப் அதே அளவு எரிபொருளையே விடுகிறது, அதனால் முழு பூஸ்டில் கலவை மெலிகிறது. மெலிந்த கலவை புகைக்காது, ஆனால் முழு பூஸ்டில் எஞ்சினைக் கெடுக்கும். காற்று-எரிபொருள் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் மாட்டி, முழு பூஸ்டில் என்ன காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை மிதிக்காதீர்கள்.

புகையை நிறுத்த ஆயிலில் ஊற்றும் டப்பா மருந்து?

அந்தக் காசுக்கு ஒரு ரிட்டர்ன் கேஸ்கெட் வாங்கலாம்.